திபிலீசிக்காக வேலையை விட்டவர்

அப்பா மயிலாப்பூரில் பிறந்து, அங்கேயே எல்லோரிடமும் சண்டை போட்டு, போன வருடம் அங்கேயே காலமானார். இந்த நினைவு மலரில் அவரைப் பொறுமைசாலி என்று எழுதச் சொன்னார் பெரியப்பா. பொய் எழுத எனக்கு வராது.

தேனாம்பேட்டையில் ஓர் அச்சகம். பள்ளிகளுக்கான உலகப்படங்களில் ஊர்ப்பெயர்களைச் சரிபார்ப்பது அப்பாவின் வேலை. ஒருமுறை ஜார்ஜியாவின் தலைநகர் டிஃப்லிஸ் என்ற பழைய பெயரிலேயே அச்சேறப் போனது. 1936-லேயே அது திபிலீசி ஆகிவிட்டது என்று அப்பா கையெழுத்துப் போட மறுத்தார்.

“எங்கயோ கீற ஊரு. யாருய்யா பார்க்கப் போறான்?” என்றார் முதலாளி.

“அந்த ஊர்க்காரன் பார்ப்பான்” என்று சொல்லி, வேலையை விட்டுவிட்டு வந்தார்.

எட்டு மாதம் வீட்டில் கஞ்சி. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அப்பா அந்த ஊரின் கதையை ஆரம்பிப்பார். ராஜா வேட்டைக்குப் போனாராம். அவர் அடித்த காட்டுக்கோழி வெந்நீர் ஊற்றில் விழுந்து வெந்துபோனதாம். அங்கேயே ஊர் கட்டி, அந்தச் சூட்டை வைத்தே பெயரும் வைத்தாராம்.

“அங்க கோழி வெந்துது. இங்க தண்ணி மட்டும்தான் கொதிக்குது” என்பார் அம்மா.

இப்படிப்பட்ட மனிதர், 1996-இல் மெட்ராஸை ஆங்கிலத்திலும் சென்னை என்றே எழுத வேண்டும் என்று அரசு அறிவித்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்த ஊர்க்காரங்க பேரை மாத்தினா சரி, நம்ம ஊர்க்காரங்க மாத்தினா தப்பாப்பா? இதுக்கா நாங்க கஞ்சி குடிச்சோம்?”

“நானும் இந்த ஊர்க்காரன்தான்டி. என்னை எவன் கேட்டான்?”

மூன்று வாரம் வீட்டில் இதே சண்டை.

கடைசியில் ஆஸ்பத்திரிப் படிவத்தில் நர்ஸ் சென்னை என்று எழுத, மூக்கில் குழாயோடு அப்பா பேனாவைப் பிடுங்கி அடித்துத் திருத்தினார். பிறகு என்னைப் பார்த்து, “என் நினைவு மலர்லயாவது மெட்ராஸ்னு போடறியாம்மா?” என்றார். உத்தரவு போட்டே பழகியவர், அன்றுதான் கேட்டார். சரி என்றேன்.

வேறு படிவம் எழுதிய நர்ஸம்மாவுக்கும், பட்டினப்பாக்கத்திலிருந்து தினமும் மீன்குழம்பு கொண்டுவந்து திட்டு வாங்கிக்கொண்டு போன அத்தைக்கும் எங்கள் நன்றி. இந்த மலரை அச்சிட்டவருக்கும்தான். அவர் முதலில், “இன்னாம்மா, எல்லா புக்லயும் சென்னைன்னுதான் போட்டுக்கினு கீறோம். யாரு பார்க்கப் போறாங்க?” என்றார்.

“எங்கப்பா பார்ப்பாரு” என்று நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. மாற்றிவிட்டார்.

அட்டையில் மெட்ராஸ் என்று இருப்பது அச்சுப்பிழை அல்ல. யாரும் பேனாவை எடுக்க வேண்டாம்.