செத்தால்தான் தரும் நிதி

நான் ஆசிரியர் சங்கத்துக்குச் சந்தா கட்டுவதில்லை என்று உங்கள் அம்மா திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். காரணத்தை எழுதி வைக்கிறேன்.

சுதந்திரம் வந்த புதிதில், பெங்களூர் மர்பி டவுன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்த தமிழ் வாத்தியார்கள் சேர்ந்துதான் அதை ஆரம்பித்தோம். சம்பள நாளில் ஆளுக்கு நாலணா ஒரு பிஸ்கட் டின்னில் விழும். யார் வீட்டிலாவது காய்ச்சல், பிரசவம் என்றால் டின் அந்த வீட்டுக்குப் போகும். ரசீது யாரும் கேட்டதில்லை. பிறகு சங்கத்தை ரிஜிஸ்டர் செய்தார்கள். பாங்க் கணக்கு, ரப்பர் ஸ்டாம்பு, பைலா என்ற விதிப் புத்தகம் எல்லாம் வந்தன. டின் பணத்துக்கு ‘மரண நிதி’ என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் கைதட்டினோம்.

பக்கத்து வகுப்பு வாத்தியாருக்குக் காசநோய் வந்தது. ஊசி மருந்தை வெளியே வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள் ஆஸ்பத்திரியில். உதவி கேட்டு அவர் மனைவி சங்கக் கூட்டத்துக்கே வந்து வராந்தாவில் நின்றார். உள்ளே எங்களுக்கு டீயும் மசால் வடையும், சங்கச் செலவில்.

“அதுக்கு ரூல் இல்லையே,” என்றார் செயலாளர். “இன்னிக்கு ஒருத்தர் இருமலுக்குக் குடுத்தா, நாளைக்கு அத்தனை பேரும் இருமிக்கிட்டே வருவீங்க.”

சிரித்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் சிரித்தார்கள்.

அந்த அம்மா வாசற்படிக்கு வந்தார். “அப்ப அவரு செத்தப்புறம் வரட்டுங்களா, சார்?”

நான் எழுந்தேன். “நாம போட்ட காசுதானே சார்? இந்த வடைக்கு எந்த ரூல்ல பணம் எடுத்தீங்க?”

“மாஸ்டர், நீங்க படிச்ச எட்டாங்கிளாஸுக்கு பைலா புரியாது.” கோபம் வந்தால் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவார். “சும்னே கூத்கொள்ளி!”

நான் உட்காரவில்லை. நாலைந்து பேர் அங்கேயே கைக்காசு போட்டோம். சில ஊசிகளுக்குத்தான் அது ஆயிற்று.

அந்த வாத்தியார் இறந்து, காரியம்கூட முடியவில்லை. செயலாளர் மாலையோடும் கவரோடும் வந்துவிட்டார். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய தாளை நீட்டி, அழுதுகொண்டிருந்த அந்த அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார். அவரும் போட்டார். போடாமல் என்ன செய்வார், சின்னப் பிள்ளைகள் இரண்டு. வெளியே வந்ததும் செயலாளர் என் தோளில் கை வைத்தார். “பாத்தீங்களா மாஸ்டர், சங்கம் கைவிடல.”

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். இதை எழுதும்போதும் உடம்பு எரிகிறது.

அந்த மாதத்தோடு சந்தாவை நிறுத்தினேன். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் அந்தக் கவர் நம் வீட்டுக்கு வராது. அம்மா பயப்படுவது அதற்குத்தான். அவள் பயத்தில் தப்பில்லை. ஆனாலும், அந்த ஆள் மாலையோடு நம் வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொல்வதற்கு நான் காசு கட்ட மாட்டேன்.