மீனவன் மனைவியைப் பற்றி நான் எழுதிய நோட்ஸ்

போன செவ்வாய்க்கிழமை டுடோரியலில் மாலை வகுப்பு. துணைப்பாட நாவலை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அந்தம்மா கடைசி வரைக்கும் ஏன் சார் அழவே இல்ல?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைப் பையன் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தான்: "கல்மனம் படைத்தவள், உண்மையை ஏற்க மறுக்கும் பேதை." வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் மட்டும் உட்காரவில்லை. "கல்மனசா இருந்தா பேதையா எப்படி சார் இருப்பா? ரெண்டுல ஒண்ணுதானே சார்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஓரங்களில் கறுப்பு அப்பியிருந்தது. நடுவில் இருந்த எழுத்தை மட்டும் எத்தனை முறை நகலெடுத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். 'ழ'வின் வாலை உள்பக்கமாகச் சுருட்டி முடிக்கிற எழுத்து. எழுத்து என் அக்காவுடையது. வாக்கியம் என்னுடையது. இந்த நோட்ஸை முதலிலிருந்து திரும்ப எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்த நிமிடத்தில்தான் வந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தும் வகுப்பை விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்து நோட்ஸுக்கு ஒரு வாசனை உண்டு. சைக்ளோஸ்டைல் மையின் எண்ணெய் வாடை, அதன்மேல் ஸ்டென்சிலில் தப்பைத் திருத்தத் தடவுகிற சிவப்புத் திரவத்தின் காட்டமான நெடி. எனக்கு அது அக்காவின் விரல் வாசனை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தேரடித் தெருப் பக்கம் ஒரு சைக்ளோஸ்டைல் கடையில் ஸ்டென்சில் வெட்டப் போனாள். மெழுகுத்தாளை வைத்து இரும்பு முனைப் பேனாவால் கீறிக் கீறி எழுத வேண்டும். அழுத்தினால் தாள் கிழியும், விட்டால் எழுத்து விழாது. பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், சங்கத்து நோட்டீஸ், கார்த்திகை தீபத்துக்கு விடுகிற பஸ் நேரப் பட்டியல் என்று எல்லாம் அவள் கையால் வெட்டியதுதான். வெட்டுகிறதை எல்லாம் படித்தும் விடுவாள். அதுதான் எனக்குத் தொந்தரவு.

நான் அப்போது பி.ஏ. இரண்டாம் வருடம். எதையும் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் பிடித்தவன். இப்போது குறைந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான், என் மாணவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கும் இதே நாவல்தான் பாடம். தெளிந்த வானம் உள்ள ஒரு காலையில் கட்டுமரத்தில் போனவன் திரும்பி வரவில்லை, கதை அவ்வளவுதான். நாற்பதாம் பக்கத்தில் போய்விடுகிறான். மிச்சம் இருநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கும் அவன் மனைவி அவனுடைய வலையை எலி கடிக்கக் கடிக்கத் தைத்துக்கொண்டே இருக்கிறாள். கரையிலிருக்கிறவர்கள் வெள்ளைப் புடவை கொண்டுவந்து வைக்கிறார்கள், அதை அவள் தொடுவதில்லை. கடைசிப் பக்கத்திலும் மடியில் வலை கிடக்கிறது. அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை ஆசிரியர்.

நான் இரண்டே நாளில் நோட்ஸ் எழுதிவிட்டேன். கருப்பொருள்: இயற்கையோடு மனிதன் நடத்தும் போராட்டம். பாத்திரப் படைப்பு: மீனவனுக்கு ஒன்றரைப் பக்கம், அவளுக்கு ஆறு வரி. அந்த ஆறில் ஒரு வரி, "நீரில் மாண்டவர் உடல் மூன்றாம் நாள் மிதக்கும் என்பதைக்கூட அறியாத பேதை."

கடலை நான் சினிமாவில் மட்டும்தான் பார்த்திருந்தேன். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் சமுத்திரம் ஏரிதான். நல்ல மழை வருடத்தில் அதில் யாராவது முழுகினால் மூன்றாம் நாள் உடல் மேலே வந்துவிடும். பாதி ஊர் கரையில் நிற்கும். கடல் என்றால் அதே ஏரி, கொஞ்சம் அகலம் ஜாஸ்தி என்று நினைத்திருந்தேன்.

அதை ஸ்டென்சிலில் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, அந்த வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, மூணாம் நாள்னு?"

"ஏன், தண்ணில போனா மிதக்காதா?"

"அது ஏரிடா. கடல்ல மிதந்தா மட்டும் யார் பாக்குறது? எங்க ஒதுங்கும்? பாக்காத பொணத்துக்கு அவ எப்படிடா அழுவா?"

"கேள்வி கேக்காம வெட்டுக்கா. நாளைக்குப் பசங்க வந்து நிப்பானுங்க."

"கதை அவனைப் பத்தியே இல்லடா. அவன் நாப்பதாம் பக்கத்துலயே போயிட்டான். மீதி பக்கத்தை இன்னாத்துக்கு எழுதினாரு அந்த ஆளு?"

"எஸ்.எஸ்.எல்.சி.க்கு இவ்ளோ வாய் ஜாஸ்தி" என்றேன். சிரித்துக்கொண்டே சிவப்புத் திரவத்தை என் கையில் ஒரு தீற்று தீற்றினாள். "இந்தா, உன்னைத்தான் மொதல்ல திருத்தணும்." பிறகு நான் எழுதியதை எழுதியபடியே வெட்டினாள்.

தேர்வில் எங்கள் வகுப்பு மொத்தமும் மூன்றாம் நாளை எழுதி வைத்தது. எங்கள் பேராசிரியர் கடலூர்க்காரர். விடைத்தாள் கட்டை மேசையில் போட்டுவிட்டு, "ஏம்ப்பா, உங்க ஊர்க் கடலுக்கு நாலு பக்கமும் கரை இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகாவது அந்த வரியை அடித்திருக்கலாம். ஸ்டென்சில் பத்திரமாக இருந்தது, அடுத்த வருடப் பையன்களுக்கும் அதையே ஓட்டினோம்.

அக்காவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்தார்கள். மாமா லாரி டிரைவர். மல்லாக்கொட்டை லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போவார். கலகலப்பான மனுஷன். வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னா மச்சான் புரொபசரே, மார்க் போட்டியா எனக்கு?" என்பார். அக்காவுக்குப் பழைய பத்திரிகைகளைக் கட்டாக வாங்கி வருவார். அவள் படித்துவிட்டுச் சொல்லும் கதைகளை வண்டியில் மற்றவர்களுக்குச் சொல்வாராம், முடிவை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றி.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் லாரி வந்தது, மாமா வரவில்லை. கூடப் போன டிரைவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார். "நாசிக் தாண்டி டீ குடிக்க நிறுத்துனோம்ங்க. அவர் எறங்கினாரு. நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ஆளைக் காணோம். ரெண்டு நாள் அங்கியே தேடுனேன்ங்க." மாமாவின் தம்பியும் நானும் போனோம். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, டீக்கடை என்று பாஷை தெரியாமல் போட்டோவை நீட்டிக்கொண்டே அலைந்தோம். யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை, பார்த்தேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கொண்டுவந்த பெட்டியில் மாமாவின் காக்கிச் சட்டைகள் இரண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றைத் துவைத்துக் கொடியில் போடுவாள். பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஊட்டுக்காரர் வந்துட்டாரா?" என்பார். "இன்னும் வரலைங்க" என்பாள். இதைத் தவிர வேறு பதில் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அழவும் இல்லை. வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அது எரிச்சலாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

நான்கு வருடம் போனது. தங்கைக்கு அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "மூத்தவங்க விஷயம் ஒண்ணு முடிவாத் தெரிஞ்சா நல்லதுங்க. நாளைக்கு மணையில அவங்க ஆரத்தி எடுக்கலாமா கூடாதா? நாலு பேர் கேப்பாங்க இல்லீங்களா." காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் பார்ப்பதுதான் வழக்கம். அவ்வளவு நாள் தங்கையை வைத்திருக்க முடியாது. தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று உறவில் பேசினார்கள். அக்காவிடம் யார் சொல்வது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன், நோட்ஸ் எழுதுகிறவன், எடுத்துச் சொல்லத் தெரிந்தவன்.

கிணற்றடியில் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்கூட்டியே யோசித்து வைத்த உதாரணத்தை எடுத்தேன். இப்போது எழுதவும் கை கூசுகிறது.

"உனக்குத் தெரியாததாக்கா? உன் கையாலயே வெட்டுன நாவல்தானே. அந்தம்மா மாதிரி ஆயிடாத. கடைசில ஊரே அவளைப் பைத்தியம்னு சொல்லும்."

கை நின்றது. "நாவல்ல யாரும் அவளைப் பைத்தியம்னு சொல்லலடா. உன் நோட்ஸ்லதான் பேதைனு இருக்குது."

"தங்கச்சியை நெனச்சுப் பாருக்கா."

"அவளுக்காகச் செய்யச் சொல்றியா? இல்ல, மாமா செத்துட்டாருனு உனக்கு நெஜமாத் தெரியுமா? இதுல ஒண்ணு சொல்லு."

தங்கைக்காக என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. அதற்கும் அவள் சம்மதித்திருப்பாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் பதில் தெரியாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. "செத்துட்டாருக்கா" என்றேன். சட்டையை ஒரு முறை அலசினாள். பிழிந்தாள். "சரி. நீ விசாரிச்சுத்தான் சொல்லுவ" என்றாள்.

ஏரிக்கரையில் காலையிலேயே காரியம் நடந்தது. தர்ப்பை உருவத்துக்கு அவர் துணி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். மடித்து வைத்திருந்த சட்டையைக் கொடுத்தாள். மாமாவின் தம்பி தீ வைத்தார். காய்ந்த புல்தானே, ஐந்து நிமிடத்துக்குள் எரிந்து முடிந்தது. தள்ளி உட்காரவைத்து வளையலை உடைத்தபோது அக்கா அழுதாள். இத்தனை வருடம் அழவில்லை என்று நான் குறைப்பட்ட அழுகை. அவள் குரல் மாதிரியே இல்லை. நடுவில் நிறுத்தி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "மூணாம் நாள் வந்துடுச்சாடா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த சித்தி அவள் தலையைத் தடவி, "இல்லம்மா, பால் தெளிக்கிறது நாளைக்கேதான்" என்றார். நான் எதிர்த்தாற்போல் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தங்கை கல்யாணம் நன்றாக நடந்தது. அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு வேலை கிடைத்தது. விதவைகளுக்கு முன்னுரிமையாம். "பாத்தியா, ஒரு வழி பொறந்துச்சு" என்று உறவுக்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள். அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். பொங்கலுக்கு வருவாள், எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசுவாள். ஒரு முறை புது நாவல் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "அடுப்புப் புகைல கண்ணு எரியுதுடா. நீயே படி." இரண்டாவது சட்டை என்ன ஆனது என்று கேட்கத் தைரியம் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனதும் நாவலை எடுத்தேன். நாற்பதாம் பக்கத்திலிருந்து. எத்தனை முறை நடத்தியிருக்கிறேன், ஒரு விஷயம் கண்ணில் படவே இல்லை. யாராவது செய்தி கொண்டுவரும்போதெல்லாம் அவள் ஊசியை நிறுத்துகிறாள். முழுக்கக் கேட்கிறாள். கேட்டு முடித்த பிறகுதான் அடுத்த கண்ணியைத் தைக்கிறாள். ஏற்க மறுக்கிறவள் காதைப் பொத்திக்கொள்வாள், இவள் ஒவ்வொரு தடவையும் காதைக் கொடுக்கிறாள். அவன் செத்தான் என்று அவள் சொல்லவில்லை. வருவான் என்றும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் பேசாத ஒரே ஆள் அந்தக் கரையில் அவள்தான். மற்ற எல்லோரும் என்னைப் போல. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி, வெள்ளைப் புடவையோடு வந்து நிற்கிறவர்கள்.

இதையெல்லாம் புது நோட்ஸில் எழுதிவிடலாம். அக்கா பதினோரு வருடம் முன்பு ஒரு வாக்கியத்தில் சொன்னதை நான் மூன்று பக்கத்துக்கு விரிப்பேன், அவ்வளவுதான். தேரடித் தெருக் கடையில் போய் விசாரித்தேன். சைக்ளோஸ்டைல் மிஷினைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்றாம், இப்போது ஜெராக்ஸ்தான். மையும் இல்லை, அந்தச் சிவப்புத் திரவமும் இல்லை. அதெல்லாம் போனால் போகட்டும். எழுதியதை வெட்டுவதற்கு முன், "இன்னாடா இது?" என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்கிற ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அவளைத்தான் காணோம். அவளுக்கு யாரும் காரியம் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போகிறேன். நாவலும் கொஞ்சம் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொள்வேன். அந்த அம்மாவைப் பற்றி அவளே எழுதித் தரவேண்டும் என்று கேட்பதாக உத்தேசம். கண் எரிகிறது என்பாள். என்றாலும் கேட்பேன். ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. "மாமா செத்துட்டாருனு எனக்குத் தெரியாதுக்கா. அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்." இதைக் கேட்டால் அவளுக்கு நிம்மதியா, இல்லை இன்னொரு முறை எல்லாம் தொடங்குமா, அதுவும் எனக்குத் தெரியாது. இந்த முறை அதையும் தெரியாது என்றே சொல்லிப் பார்க்கிறேன்.