அம்மாவைக் கேட்கிறவர்கள்

சுடிதார் ஷாலின் நுனியால் போன் கேமராவின் கண்ணாடியைத் துடைக்கிறாள் மோனிஷா. ஏலக்காய்ப் பொட்டலத்தை வெளிச்சம் பார்த்துத் திருப்பி வைக்கிறாள். அதற்குள் சாரல் பட்டுக் கண்ணாடி மங்கிவிடுகிறது. மறுபடி துடைக்கிறாள்.

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி போகும் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட கடை. தேயிலைத் தூள், மிளகு, ஏலக்காய், வீட்டில் செய்த சாக்லேட். இதே சரக்கோடு வரிசையாகப் பல கடைகள் உண்டு. ஜீப்பில் வருகிறவர்கள் எந்தக் கடை வாசலில் இறங்குவதென்று ஊரிலேயே போனைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள்.

கடைக்கென்று இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கியபோது, தேயிலை மலையையும் மூடுபனியையும் பாட்டு வைத்துப் போட்டாள். யாரும் சீண்டவில்லை. "மலையும் பனியும் எல்லார் பக்கத்துலயும் கெடக்கு சார். நம்ம கடையில மட்டும் என்ன இருக்குன்னு காட்டணும்லா?" என்றாள், அவ்வழியே போகும்போதெல்லாம் அங்கே டீ குடிக்க நிற்கும் என்னிடம். அது தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒருநாள் போனைப் பார்த்துச் சாக்லேட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். பின்னால் மிளகு புடைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா சாந்தம்மாள், போன் படம் பிடிப்பது தெரியாமல் குறுக்கே பேசினாள்: "ஏட்டி, நீ திங்காததப் போயி ஊருக்கெல்லாம் நல்லாருக்குங்கியே. ஒரு துண்ட வாயில போட்டுட்டுப் பேசு."

மோனிஷா அதை வெட்டாமல் போட்டாள். அதைப் பார்த்தவர்கள் கோயம்புத்தூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். அதன் பிறகு பக்கமே அம்மாதான். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள், பேரம் பேசுகிறவர்களைப் போனுக்குள்ளிருந்தே வைதாள். அந்த வசவை நேரில் வாங்கவென்றே சிலர் வந்தார்கள்.

போன தை மாதம் சாந்தம்மாள் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தார்கள். வலப்பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. கடையின் பின்புறம், திரைக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

போடாமல் வைத்திருந்த பழைய வீடியோக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தாள் மோனிஷா. அவற்றைச் சரிபார்க்கும்போது காதில் ஹெட்செட் மாட்டிக்கொள்வாள். "அம்மா பக்கத்துல இருக்கா சார். அவ பேசுனத அவளே கேட்டா தாங்க மாட்டா."

அவையும் தீர்ந்துபோயின. அம்மா எங்கே என்று வீடியோவுக்குக் கீழே கேட்டு எழுதுகிறார்கள். ரெஸ்ட் எடுக்கிறாங்க என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் போடுகிறாள்.

பக்கத்துக் கடை ஜிஜோ நல்லெண்ணத்தில்தான் சொன்னான்: "மோனிஷா, அம்மா இப்போ இருக்குற மாதிரியே ஒரு வீடியோ போடு. கண்டா ஆளுகளுக்குப் பாவம் தோணும். கடைக்கு வரும்."

"எங்கம்மா என்ன காட்சிப் பொருளாண்ணே?" என்றவள், அவனோடு பல நாள் பேசவில்லை.

மழைக்காலம் வந்தது. வண்டிகள் நிற்காமல் போயின. விற்காத சாக்லேட் வெள்ளையாகப் பூத்துப்போனது. ஒரு மதியம் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வேகம் குறைந்தது. உள்ளிருந்து இரண்டு தலைகள் கடையை எட்டிப் பார்த்தன. "அந்தம்மாவக் காணோமே" என்று ஒரு குரல் கேட்டது. ஜீப் போய்விட்டது.

மோனிஷா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரையை ஒதுக்கி உள்ளே போனாள். அம்மாவுக்குத் தலை சீவிவிட்டாள். நாற்காலியை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள்.

"ஒண்ணும் பேச வேண்டாம்மா. சும்மா பாத்துக்கிட்டு இரு. போதும்."

பொத்தானை அழுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாந்தம்மாள் போனைச் சற்று நேரம் பார்த்தாள். அசைக்க வரும் இடக்கையால் முந்தானையைத் தேடி இழுத்தாள். மெதுவாக மேலே கொண்டுபோய், கோணிப்போன வாயை மூடிக்கொண்டு, போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.