முப்பத்தாறு வயதில் முதல் நாள்

கணினியின் விசைப்பலகை மேல் அவர் முதன்முதலாக வைத்த விரல்கள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. வலது கையில் இரண்டு விரல்கள், ஆட்டத்தில் ஒடிந்து வளைந்தபடியே இறுகிப் போயிருந்தன. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும்.

நாங்கள் அவரைக் கபடி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர். தொழில்முறைக் கபடியில் எட்டு ஆண்டுகள், எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ரைடராக ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் மதுரையில் எங்கள் அரசு அலுவலகத்தில் அவருக்கு வேலை இருந்தது. ஆனால் பயிற்சி, போட்டி என்று வெளியூரிலேயே இருப்பார். அவருடைய நாற்காலியில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்தோம். முழங்கால் தசைநார் இரண்டாம் முறை கிழிந்ததோடு ஆட்டம் முடிந்தது. முப்பத்தாறு வயதில், ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கோப்புகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நமக்கு எம்புட்டுப் பேர் வாங்கிக் குடுத்திருக்கீங்க! கையெழுத்துப் போட்டுட்டுச் சும்மா உக்காருங்கண்ணே" என்றார் கண்காணிப்பாளர். அன்பாகத்தான் சொன்னார். மதியச் சாப்பாட்டின்போது அண்ணன் என்னிடம் கேட்டார்: "ஏன் தங்கச்சி, என்னையச் சுவத்துல மாட்டுன போட்டோன்னு நெனச்சுட்டாரா? இன்னும் இருபத்து நாலு வருசம் நான் இங்க வரணுமே."

மறுநாளிலிருந்து எங்களுக்கெல்லாம் முன்னால் வந்துவிடுவார். வளைந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் தட்டிப் பழகினார். அவர் எழுதிய வரைவுகள் சிவப்பு மையோடு திரும்பி வரும். முகம் சுருங்கும். ஆனாலும் ஒரு நாளும் அதை அடுத்தவர் மேசைக்குத் தள்ளியதில்லை.

அடுத்த ஆண்டு ஒரு பெண் வந்தார். அரசு ஊழியரான அவருடைய கணவர் பணியிலிருக்கும்போதே இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பத்தை எங்கள் அலுவலகம் தொலைத்திருந்தது. அது அவருடைய ஐந்தாவது வருகை. அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அண்ணன் எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மாடியிலிருந்த பதிவறைக்கு ஒவ்வொரு படியாக ஏறினார். அப்படி மூன்று நாள்.

"கால் என்னத்துக்காகும், விடுங்கண்ணே" என்றேன்.

"இதே காலோடதானே ஆடுனேன். அப்ப யாரும் விடச் சொல்லலையே."

மூன்றாம் நாள் மதியம், வேறொருவர் கோப்புக்குள் செருகிக் கிடந்த விண்ணப்பத்தோடு, தலையெல்லாம் தூசியாக இறங்கி வந்தார். குறிப்பை அவரே தட்டச்சு செய்தார். கண்காணிப்பாளர் திருத்தமே இல்லாமல் கையெழுத்திட்டார். சில மாதங்களில் அந்தப் பெண்ணின் மகள் வேலையில் சேர்ந்தாள். நான் அதன் பிறகு யாரையும் வாய்க்கு வந்தபடி அடுத்த வாரம் வரச் சொன்னதில்லை.

இப்போது மனுப் பிரிவு முழுவதும் அண்ணன் பொறுப்பில்தான். போன வாரம் வில்லாபுரத்திலிருந்து வந்த ஒருவர் அவரைப் பார்த்ததும் செல்போனை எடுத்தார். "அண்ணே, நீங்க அந்த ரைடர்தானே? ஒரே ஒரு செல்ஃபி!" அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. மனுவக் குடுங்க. எத்தன தடவ அலைஞ்சீங்க?"