செல்வி வாட்சைக் கழற்றிய வாரம்

1. மஞ்சள் கறை

ஆத்யா பாப்பாவின் அம்மா காலையில் வந்ததும் வராததுமாக ஒரு வெள்ளைச் சட்டையை என் முன்னால் விரித்துக் காட்டினார். முதுகுப் பக்கம், தூக்கினால் நம் கை படுகிற இடத்தில், திட்டுத் திட்டாக மஞ்சள்.

"ஆன்ட்டி, இதோட மூணு சட்டை ஆச்சு. எந்த சோப்புக்கும் போக மாட்டேங்குது. குழந்தைக்கு என்ன தடவுறீங்க?"

"நாங்க ஒண்ணும் தடவல மேடம். நீங்க குடுக்கிற பவுடரைக்கூட உங்களைக் கேட்டுட்டுத்தான் போடுறோம்."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு முகம் சூடாகிவிட்டது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இந்தக் குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்த நாளிலிருந்து நான்தான் இங்கே பெரிய ஆயா. என் மடியில் பால் குடித்த பிள்ளைகள் சிலர் இப்போது காலேஜ் போகிறார்கள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் என் அறையிலிருந்து ஒரு குழந்தை கறைச் சட்டையோடு வீட்டுக்குப் போனது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆத்யாவுக்கு ஆறு மாதம். என்கூட வேலை செய்கிற ஆயா செல்வி மடியைத் தவிர வேறு மடியில் பாட்டிலை வாயில் வாங்காது. அப்படியென்றால் மஞ்சளும் செல்வி கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவளைக் குழாயடிக்குக் கூப்பிட்டேன்.

"கையைக் காட்டு."

"எதுக்குக்கா?" யூனிஃபார்ம் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காட்டுடி."

இடது மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. ரப்பர் பட்டையைத் தளர்த்தினேன். அடியில் தோல் சுற்றிலும் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வைத்து, பக்கிள் அழுத்தின இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தது.

"அரைச்ச மஞ்சளும் தேங்கா எண்ணெயும்க்கா. ஆறிடும்னு அம்மா சொல்லிச்சு."

"அதைப் பூசி, அதுக்கு மேல வாட்சை இறுக்கிக் கட்டினியா?"

"இறுக்கலன்னா மஞ்சள் வழிஞ்சு குழந்தை மேல படுதுக்கா."

எனக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் அடக்கிக்கொண்டு காப்பகம் நடத்துகிற மேடத்திடம் கூட்டிப்போனேன். மறைத்து வைக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

2. வாட்ச் வந்த கதை

அந்த வாட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் அப்பாவுக்கு அந்த மாதிரி வாட்ச் விற்கிற கம்பெனியில் வேலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, எங்களிடமிருந்து கூட்டிப்போகும் நாளில் ஆயாக்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். நாம் நடக்கிற நடையை எண்ணும், நெஞ்சு துடிக்கிறதையும் எண்ணும். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது என்று என் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற ஆயாக்கள் ஷாஹினாவும் லட்சுமியும் கொஞ்ச நாள் கட்டிவிட்டு வீட்டில் வைத்துவிட்டார்கள். செல்வி மட்டும் கழற்றவில்லை.

எங்கள் வேலையில் கை காயவே காயாது. டயப்பர் மாற்றினால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பாட்டில் எடுக்குமுன் கழுவ வேண்டும், மூக்கு துடைத்தால் கழுவ வேண்டும். அந்தச் சோப்புத் தண்ணீரும் வியர்வையும் பட்டைக்குக் கீழே போய் வெளியே வர வழியில்லாமல் நின்றிருக்கிறது.

மேடம் செல்வியின் கையைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். கன்னடக்காரர், எங்களோடு தமிழ் பேசுவார். பதறினால் மட்டும் 'வேண்டாம்' என்பது 'பேடா' ஆகிவிடும்.

"அய்யய்யோ, பேடா பேடா! இந்தக் கையோட பேபி ரூமுக்குள்ள போகவே வேண்டாம். பெரியக்கா, இவளுக்குத் துணி மடிக்கிற வேலை குடுங்க. அடுத்த வாரத்துக்குள்ள ஆறலன்னா நான் வேற ஆயாவைப் பார்த்துக்கறேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பச்சைக் குழந்தைகள் இருக்கிற இடம். ஆனால் செல்வி அழாமல் தலையாட்டியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மதியமே தெருமுனைத் தோல் டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிப்போனேன்.

"மஞ்சள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். வெறும் தண்ணியில கழுவி, ஒத்தி எடுத்துட்டு, இந்த ஆயின்மென்ட். முக்கியமா வாட்ச் கூடாது," என்றார் டாக்டரம்மா.

"வலது கையில மாத்திக் கட்டிக்கட்டுமா டாக்டர்?" செல்வி கேட்டாள்.

"எந்தக் கையிலயும் வேண்டாம்மா. நல்லா ஆறட்டும். அப்புறம் துணிப் பட்டை மாத்தி, தளர்த்தியா கட்டிக்கோ. கை கழுவும்போது கழட்டிடு. பட்டையையும் கழுவிக் காய வை."

இவ்வளவுதான் வைத்தியம். சுலபம் என்று நினைத்தேன்.

3. கதவுக்கு இந்தப் பக்கம்

இரண்டு மூன்று நாள் போயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் செல்வி துணி மடிக்கிறாள். இந்தப் பக்கம் ஆத்யா என் மடியில் பாட்டிலைத் தள்ளித் தள்ளி அழுகிறது. எத்தனையோ பிள்ளைகளைச் சமாளித்த என் மடியை அந்தப் பொடிசு வேண்டாம் என்றது. அழுகை கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் துணி மடிக்கிற கை நின்றுவிடும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன்.

புண் மட்டும் ஆறவில்லை. காலையில் வரும்போது மறுபடி சிவந்திருக்கும்.

"மருந்து போடுறியா?"

"போடுறேங்க்கா."

அன்று சாயங்காலம்தான் எனக்கு விளங்கியது. எங்கள் அறையில் வளையல் போடக் கூடாது. உடைந்து குழந்தை மேல் கீறிவிடும் என்று பழைய சட்டம். காலையில் எல்லோரும் வளையலைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவோம். வேலை முடிந்ததும் டப்பாவைத் திறந்து அவரவர் வளையலை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவோம். அன்றைக்கும் அப்படித்தான். லட்சுமி மாட்டினாள், ஷாஹினா மாட்டினாள், நானும் மாட்டினேன். செல்வி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, பையிலிருந்து வாட்சை எடுத்து அந்தப் புண்ணின் மேலேயே கட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ஸ் என்றாள்.

"என்னடி பண்ற?"

பக்கிளை மாட்டி முடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உள்ள இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் வெறுங்கைதான்க்கா. எனக்கு வித்தியாசம் தெரியாது. டப்பாவைத் தெறந்தாத்தான்... எங்க வீட்டுக்காரர் தவறினதுக்கப்புறம் என் கையில ஏறினது இது ஒண்ணுதான். வேலை செய்யற எடத்துல குடுத்ததுன்னு எங்க மாமியாரும் ஒண்ணும் சொல்லல."

செல்விக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள், நீயும் ரெண்டு வளையல் போடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்த வீட்டில் இருந்து பதில் சொல்ல வேண்டியவள் அவள். இரண்டு கை நிறைய வளையலை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஷாஹினாவிடமும் லட்சுமியிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஷாஹினாதான் வழி சொன்னாள். "பெரியக்கா, வளையலைப் பையில போட்டுக்கலாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் எல்லாரும் ஒண்ணாத்தானே போறோம். செல்வி பிரேசர் டவுன் பஸ் ஏறட்டும். அப்புறம் மாட்டிக்கலாம்."

லட்சுமிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. "எங்க மாமியார் மார்க்கெட் பக்கம் வந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது!"

"வந்தா நான் பேசிக்கறேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் வீட்டில் என் கிழவர் சர்க்கரை வியாதியோடு படுத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் தெருவில் வெறுங்கையோடு நடந்ததில்லை. அன்று பஸ் ஸ்டாப் வரை கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

முதல் நாள் செல்வி வாட்சைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். எங்கள் வெறுங்கைகளைப் பார்த்தாள். இரண்டாம் நாள் வாட்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் பூக்கடை முன்னால் நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது? ஒரே வாரத்துல எல்லார் வீட்டுக்காரரும் போய்ட்டாங்களா?"

"வாயைக் கழுவுடி!" என்று கத்தினாள் லட்சுமி. நான் தாலியைப் பிடித்துக்கொண்டேன். ஷாஹினாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு செல்விக்கு. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எது சிரிப்பு, எது அழுகை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பூக்காரம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தாள்.

"போட்டுக்கோங்கக்கா," என்றாள் செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்க சத்தமே இல்லாம நடக்கிறது எனக்குப் பிடிக்கல. எனக்காகப் பண்ணீங்க, அது போதும்." வாட்சை என் கையில் வைத்தாள். "ஆறுற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா கட்டிடுவேன்."

பஸ் வந்தது. அந்தப் புண்ணுக் கையையே நீட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

காற்றுப் படப்பட ஐந்தாறு நாளில் தோல் காய்ந்து, உரிந்து, பழுப்புத் தழும்பாகிவிட்டது. மேடம் கொடுத்த கெடுவுக்கு மேல் ஒன்றிரண்டு நாள் போயிற்று. நான் போய் நின்று கேட்டேன், விட்டார். பிறகு செல்வியின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சரி, உள்ள போம்மா," என்றார். செல்வி உட்கார்வதற்கு முன்பே ஆத்யா என் மடியிலிருந்து அவள் பக்கம் தாவியது. பாட்டில் முழுக்கக் காலி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வாட்சுக்குத் துணிப் பட்டை மாற்றிக் கொடுத்தேன். சில நாள் தளர்த்திக் கட்டிக்கொண்டு வருவாள், சில நாள் கட்டாமல் வருவாள். நான் கேட்பதில்லை.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பெண்களும் இந்த வாட்ச் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கழற்றிவிட்டுக் கழுவு, ஈரம் போகத் துடை, சிவந்தால் உடனே டாக்டரிடம் போ என்று சொல்லிக் கொடுக்கிறேன். அப்படியும் யாராவது புண்ணோடு கட்டிக்கொண்டு வந்தால் முன்போல அதட்டுவதில்லை. "ஏம்மா கழட்ட மனசு வரல?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்கிறேன்.