கன்னிக்கால் குழியில் ஒரு குண்டு

அன்று காலை எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, மாப்பிள்ளையான அண்ணா, பெரியப்பா, பெரியம்மா, தாலிக்குப் பொன் உருக்க வந்த பத்தர், மாமன்மார் இருவர், அவர்களுடைய மனைவிமார், லண்டனிலேயே பிறந்து வளர்ந்த மாமாவின் மகள், நான். வராதவர்கள் என்றால் முதலில் பெண். பொன்னுருக்குக்குப் பெண் வரக்கூடாது. உருக்கிய பிறகு தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கவும் கூடாது. பெண்ணின் தாய் தகப்பனும் வரவில்லை. அதே நல்ல நேரத்தில் விம்பிள்டனில் தங்கள் வீட்டில் அவர்களும் பந்தலின் முதல் காலான கன்னிக்காலை ஊன்ற வேண்டியிருந்தது.

அது புதன்கிழமை. ஞாயிறு கலியாணம்.

உருக்குவதற்கு அம்மா கொடுத்தது ஒரு தங்கக் காசு. அவருடைய தாலிக்கொடியில் மிஞ்சிய கடைசிக் காசு. கொடியின் மற்றப் பாகங்கள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் அரிசியாகவும் மருந்தாகவும் போய், இறுதியில் அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிய முகவரின் கூலியாகவும் போய்விட்டன. இந்த ஒன்றை மட்டும் பாவாடை மடிப்புக்குள் தைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பத்தர் அதை உருக்கினார். ஆறிய பொன் ஓர் அவரைக்கொட்டை அளவில் மினுங்கியது. வெற்றிலை, தேசிக்காய், பூ வைத்த தட்டில் அதைப் போட்டு எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். முன்னறையில் குத்துவிளக்கின் அடியில் தட்டை வைத்துவிட்டுக் கன்னிக்கால் ஊன்றப் பின்வளவுக்குப் போனோம். அன்று மாலைக்குள் பத்தர் பொன்னைக் கொண்டுபோனால்தான் சனிக்கிழமைக்குள் தாலி செய்து முடியும். ஒருமுறை உருக்கிய பொன்னை விட்டுவிட்டு வேறு பொன்னை உருக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

லண்டனில் கன்னிக்காலை ஒரு வாளி மண்ணில் ஊன்றுவார்கள். அதைத்தான் எல்லா வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கையில் குழி தோண்டும் இரும்பு அலவாங்கோடு நின்றார்.

"வாளிக்குள்ள ஊண்டினா வாழ்க்கையும் வாளிக்குள்ளதான். நிலத்தில ஊண்டோணும்."

"ஈசான மூலை எது எண்டு போனில பாத்தனியளோ, அத்தான்?" என்று மாமா கேட்டார்.

"எனக்குச் சூரியனைப் பாத்தாத் தெரியும்."

"இந்த ரெய்னர்ஸ் லேனில எங்க கிடக்கு சூரியன்?"

சிரிப்புக்கு நடுவே பெரியப்பா குத்தத் தொடங்கினார். போன கோடையில் கொட்டில் கட்டுவதற்கென்று அந்த மூலையில் இரண்டு அடி மண்ணை வெட்டி எடுத்திருந்தோம். அதனால் அலவாங்கு வேகமாக உள்ளே போனது. நாலாவது குத்தில் இரும்புச் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாயோ என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு குத்துக் குத்தினார்.

அப்பா பட்டு வேட்டியோடு குனிந்து கையால் மண்ணை விலக்கினார். துருப்பிடித்த உருண்டை முதுகு ஒன்றும், அதன் பின்னால் வளைந்த தகடும் தெரிந்தன. அவர் எழும்பவில்லை.

"அண்ணை," என்றார் மிக மெல்ல. "அலவாங்கைக் கீழ போடாதேங்கோ. கையிலயே வைச்சுக்கொண்டு பின்னால நடவுங்கோ."

பிறகு நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், "படுங்கோ!" என்றார்.

என் கண் முன்னால் ஒன்பது பெரியவர்கள் ஒரே நேரத்தில் புல்லில் குப்புற விழுந்தார்கள். சேலைகள், வேட்டிகள், மாப்பிள்ளைச் சால்வை எல்லாம் ஈர மண்ணில். பத்தர் இரண்டு கைகளையும் பிடரியில் கோத்திருந்தார். பெரியம்மா வாயைத் திறந்தபடி கிடந்தார்; வாய் திறந்திருந்தால் காது தப்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். நின்றது மாமாவின் மகளும் நானும் மட்டும்தான். அவள் போனில் கன்னிக்காலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிறாய், படடி!" என்று அம்மா கத்தினார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. அப்பா எல்லோரையும் எழுப்பி வீட்டுக்குள்ளால் வாசலுக்கு நடத்தினார். போகிற போக்கில் முன்கதவின் பின்னால் தொங்கிய பையை எடுத்துத் தோளில் போட்டார். பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் பை அது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் தொங்குகிறது. இங்கே யார் அப்பா நம்மைத் துரத்தப் போகிறார்கள் என்று எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். இனிப் பண்ணமாட்டேன்.

பொலிஸ் வந்து தெருவின் இரு முனைகளிலும் நாடா கட்டிய பிறகுதான் அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். ஓடும்போது காகிதத்தை எடுக்கப் பழகிய வீடு எங்களுடையது. பன்னிரண்டு பேரும் அந்தத் தட்டைக் கடந்துதான் வெளியே வந்தோம். ஒருவர்கூடப் பொன்னை எடுக்கவில்லை.

"விளக்கும் எரியுது," என்றார் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் பள்ளிக்கூடம் அவர் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அகதி முகாமாகிவிட்டது. அண்ணா இங்கே வந்ததும் நேராகப் பெட்ரோல் நிலைய ஷிப்டுக்குப் போனான். நான் படித்தேன், அதிலும் சரித்திரம் படித்தேன். இரண்டாவது உலகப் போரைப் பற்றி நான் எழுதாத கட்டுரை இல்லை. போர்முனை என்று தனியாக ஒன்று இல்லாமற்போன போர் அது. உறங்கும் ஊரின் மேல் விமானத்தில் வந்து குண்டு போட்டால் சனத்தின் மனம் முறியும், மனம் முறிந்தால் அரசு பணியும் என்று இரு பக்கத்தாரும் கணக்குப் போட்டார்கள். இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் ஒருநாள், போர்க்காலத்தில் லண்டனை விட்டு ரயிலேற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் போல உடுத்து வரச் சொன்னார்கள். கழுத்தில் பெயர் எழுதிய அட்டை, கையில் சின்னப் பெட்டி. அம்மா கடிதத்தை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாங்கள் உண்மையாவே இடம்பெயர்ந்த ஆக்கள். இதுக்கு வேற வேசம் போடோணுமோ?" என்று சிரித்தார். ஆனாலும் அட்டையைக் கட்டித்தான் அனுப்பினார்.

அந்தப் போர் இந்தச் சமூகத்துக்கு என்ன கற்றுக் கொடுத்தது என்பதைப் புத்தகத்தில் அல்ல, அன்று பொலிஸ் தெருவாரையெல்லாம் கூட்டிப்போன தெருமுனைத் தேவாலய மண்டபத்தில்தான் கண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. கட்டில்கள் விரித்தாயிற்று. பெரிய தேநீர்க் கொதிகலன் சூடாகிவிட்டது. கவுன்சில் பெண் ஒருவர் பட்டியலோடு ஒவ்வொரு கதிரையாக வந்தார். யாருக்கு மருந்து வேண்டும், யார் வீட்டில் தனியாக இருப்பவர், யாருக்குக் காது கேட்காது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தத் தெருவில் குஜராத்திக் குடும்பங்கள், போலந்துக்காரர்கள், எங்களைப் போன்றவர்கள், நெடுநாளைய ஆங்கிலேயர் சிலர் என்று எல்லாரும் உண்டு. வேலியைத் தாண்டி ஒருவரோடொருவர் பேசியதே குறைவு. அன்று கம்பளிகள் கை மாறின. குண்டு விழுந்த இரவுகளில் ரயில் நிலையத்து மேடைகளில் படுத்து எழுந்த சனம், எதிரியின் கணக்கைப் பொய்யாக்கியது பெரிய வீரத்தால் மட்டுமல்ல என்று எனக்குப் பட்டது. தேநீராலும் பட்டியலாலும், பக்கத்துக் கட்டிலில் படுப்பவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டதாலும்தான். இந்த நாட்டின்மேல் எனக்கு வேறு கோபங்கள் உண்டு. எங்கள் ஊர்களிலிருந்தும் ஆட்களையும் பொருளையும் எடுத்துத்தான் அந்தப் போரை வென்றது. இருந்தாலும் அந்த மண்டபத்தைக் கண்டு நான் வியந்தேன். அதை மறைக்கத் தேவையில்லை.

அப்பா கவுன்சில் பெண்ணின் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பன்னிரண்டு பெயர்களையும் எழுத்துக்கூட்டி எழுதி, வாசித்துக் காட்டிச் சரிபார்த்துவிட்டு அவர் நகர்ந்தார்.

"இவை ஆக்களை எண்ணுகினம்," என்றார் அப்பா. "எண்ணினால்தான் ஒராள் குறைஞ்சாலும் தெரியும். எங்களை ஆர் எண்ணினவை?"



பெரியப்பா ஒரு மூலையில் தலை குனிந்து இருந்தார். கன்னிக்கால் குழியில் குண்டு என்றால் சகுனம் பார்ப்பவர்கள் என்ன சொல்லமாட்டார்கள்? அம்மா விம்பிள்டனுக்குப் போன் எடுத்தார். பெண்ணின் தாயுடைய குரல் எங்களுக்கும் கேட்டது.

"சம்மந்தி, நாங்கள் கன்னிக்காலை ஊண்டிட்டம். ஊண்டினதைப் பிடுங்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. உங்கட குழியில குண்டு, எங்கட குழியில மழைத்தண்ணி. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே? பொன் பத்திரமோ?"

அம்மா போனை என்னிடம் தந்துவிட்டு அழுதார்.

பிற்பகலில் இராணுவத்தின் குண்டகற்றும் பிரிவு வந்தது. அதன் அதிகாரி ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். இரண்டாவது உலகப் போரில் போட்டு வெடிக்காமற்போன ஐம்பது கிலோ குண்டு, அலவாங்கு பட்டதில் அதன் முனை நசிந்திருக்கிறது, அசைக்க ஏலாது, சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கி இருந்த இடத்திலேயே வெடிக்க வைக்கவேண்டும் என்று சொன்னார். யாரோ என்றோ போட்ட குண்டைப் பற்றி, பாதியில் விட்ட வேலையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். வேலையை நாளைக்கு முடித்துவிடுவோம் என்றார். அதற்கு முன் எரிவாயுவை மூட ஒருவர் வீட்டுக்குள் போகவேண்டும். உள்ளே நெருப்பு ஏதும் எரிகிறதா என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்க முதலே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "விளக்கு. அதுக்கு முன்னால பொன். சொல்லு தம்பி, அதைக் கொண்டு வரட்டாம்."

சொன்னேன். பொன் என்றால் பெறுமதி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. எந்த அறை, கதவிலிருந்து எத்தனை அடி என்றுதான் கேட்டார். நான் ஒரு தாளில் கீறிக் கொடுத்தேன்.

"விளக்கை வாயால ஊத வேண்டாமெண்டு சொல்லு," என்றார் அம்மா. "பூவால நூர்க்கோணும்."

"அம்மா, அவ குண்டுக்குப் பக்கத்தில போறா."

"அதுதான் சொல்லுறன். குண்டுக்குப் பக்கத்தில ஆர் அவசரப்படுறது?"

வெட்கத்தோடு சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, எரிவாயு, தட்டு, விளக்கு என்று எழுதி, விளக்குக்கு எதிரே 'பூ. ஊதக்கூடாது' என்று எழுதினார். என் கண்ணால் பார்த்தேன்.

பதினாறு நிமிடம். அம்மா அந்தப் பதினாறு நிமிடமும் உட்காரவில்லை. நாடாவுக்கு அப்பால் தெருவின் வளைவில் அந்தப் பெண் தெரிந்தபோது, தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தளும்பும் பாத்திரத்தைக் கொண்டு வருபவரைப் போல நடந்து வந்தார். வெற்றிலைகூடக் கலையவில்லை.

"மஞ்சள் பூவைப் பாவித்தேன். அது சரிதானே?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. "ஓம் பிள்ளை, ஓம்," என்று சொல்லி அந்த அதிகாரியின் கன்னத்தை இரண்டு கைகளாலும் வழித்தார். பத்தர் பொன்னைக் கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு அடுத்த ரயிலிலேயே புறப்பட்டார்.

அன்றிரவு மண்டபத்தில் எல்லோருக்கும் பெண்வீட்டார் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். பெண்ணை மட்டும் காரிலேயே இருத்திவிட்டார்கள். அண்ணா சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கப்பட்டான். வழக்கம் என்றால் வழக்கம்தான். அம்மா மேசை மேசையாகப் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சண்டே வெடிங். யூ கம்," என்று தெருவையே அழைத்தார். அந்த அதிகாரியையும் அழைத்தார். அவர் நன்றி சொன்னார். ஞாயிறு வேறோர் ஊரில் வேலை என்றார்.

வியாழன் மாலை குண்டு வெடித்தது. மண்டபத்துக்குள் இருந்த எங்களுக்கு நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு வந்து போனது. இந்த முறை ஒருவரும் விழுந்து படுக்கவில்லை. பெரியம்மா மட்டும் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் காசு அண்ணியின் கழுத்தில் ஏறியது. தெருவிலிருந்து நாற்பத்தொரு பேர் வந்தார்கள். வலது பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் தன் கழுத்துப்பட்டிக்கு மேல் அட்சதை ஒட்டியிருக்க, மூன்று தரம் பாயசம் வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் வீட்டை ஒழுங்காகப் பார்த்தோம். மணல்மூட்டைகள் பெரும்பாலும் தாங்கிவிட்டன. ஆனாலும் பின்பக்கக் கண்ணாடிகள் எல்லாம் போய், குசினிச் சுவர் பிளந்து, இரு பக்க வேலிகளும் சாய்ந்திருந்தன. இராணுவம் ஒரு சதமும் கேட்கவில்லை. வீட்டுக் காப்புறுதிக்காரருக்குக் கடிதம் எழுதும் வேலை, படித்தவன் என்பதால், என்னுடையது. மூன்று எழுதினேன். கடைசிப் பதிலை அப்பா என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். போரினால் நேர்ந்த சேதம் தங்கள் பொறுப்பில் அடங்காது என்றிருந்தது.

"எந்தப் போர்?" என்று கேட்டார் அப்பா.

"அந்தப் பெரிய போர்தான், அப்பா."

"அது முடிஞ்சு எவ்வளவு காலம்?"

"எண்பது வருசத்துக்கு மேல."

அப்பா கொஞ்ச நேரம் சிரித்தார். "அப்ப எங்கட போர் முடிய இன்னும் கனகாலம் கிடக்கு."

வேலிக்காசைத் தாங்களே போடுவதாகப் பக்கத்து வீட்டார் இருவரும் சொன்னார்கள். பெரியப்பா விடவில்லை. குத்தியது தான்தானே என்று வேலிக்காசில் அரைவாசியைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். கண்ணாடி, சுவர், இரண்டு வேலிகள், அழைத்துக் கூட்டிவந்த அந்த நாற்பத்தொரு பேரின் கலியாணச் சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்து, எங்களுக்குச் செலவாக முடிந்தது பத்தாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்கள்.