பைசா கோயில் வாசலில் ஐந்து ஜோடி சப்பாத்து

என் பெரியப்பா இத்தாலிக்குப் போய்வந்தவர் என்பதில் எங்கள் சொந்தபந்தத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, என் அப்பா ஒருவரைத் தவிர.

பெரியப்பா இளவயதில் கப்பலில் வேலை பார்த்தாராம். கப்பல் பழுதாகி இத்தாலியில் ஒரு மாதம் நின்றதாம். அந்த ஒரு மாதத்தில் அவர் ரோம், பைசா, வெனிஸ் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டாராம். இந்தக் கதையைச் சொல்லித்தான் பெரியம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரியம்மா யாழ்ப்பாண வழிக் குடும்பம். அவர் ஆசிரியை, வீட்டில் மற்றவர்கள் எல்லாம் ஆபீஸ் உத்தியோகம். மலாக்காவில் சுற்றுலா வேன் ஓட்டுகிற மாப்பிள்ளைக்கு அந்த வீட்டுக் கதவு சுலபத்தில் திறந்திருக்காது. சாய்ந்த கோபுரம்தான் அதைத் திறந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள்.

"கப்பலாம் கப்பல். டுமாய்க்குப் போற போட்டுல டிக்கெட் கிழிச்சவரு" என்பார் அப்பா, பெரியப்பா இல்லாத நேரமாகப் பார்த்து. டுமாய் என்பது கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் இருக்கிறது. காலையில் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

பெரியம்மா ஓய்வுபெற்ற ஆண்டு, டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மலாக்காவை ஒட்டி, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லாரும் இத்தாலிக்குப் போகிறோம் என்றார். "இவர் பார்த்த இடமெல்லாம் நானும் ஒருக்கா பார்க்கவேணும்" என்றார். பெரியப்பா வாயருகே கொண்டுபோன தேநீர்க் குவளை அப்படியே நின்றது. பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு, "போலாம் லா. கைடு எல்லாம் வேணாம், நான் இருக்கேன்" என்றார்.

எனக்குப் பத்து வயது. விமானத்தில் அப்பா என்னை ஜன்னலோரம் ஒதுக்கி ஒரு வேலை கொடுத்தார். "பெரியப்பா எங்கயாவது மாட்டுவாரு. நீ பாத்து சொன்னா ஒரு ஐஸ்கிரீம்." அம்மா இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். நான் அன்றே வேவுக்காரி ஆகிவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெரியப்பாவையே பார்த்தபடி இத்தாலியில் இறங்கினேன். மற்றவர்கள் இத்தாலியைப் பார்த்தார்கள்.

பெரியப்பா லேசில் மாட்டுகிற ஆள் இல்லை. ரோமில் அந்தப் பெரிய வட்ட அரங்கத்தின் முன் இடுப்பில் கைவைத்து நின்று, "நம்ம ஊர்க் கோட்டையில ஒரு வாசல்தான் மிச்சம். இவனுங்க பாதியாவது காப்பாத்தி வச்சிருக்கானுங்க" என்றார். அதில் என்ன தப்புக் கண்டுபிடிப்பது? அருங்காட்சியகத்தில் எங்களுக்கு நான்கு அடி முன்னால் போய், மூக்குக்கண்ணாடியை மாட்டி, சிலையடியில் இருந்த ஆங்கில எழுத்தைப் படித்து, கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்து விளக்கம் சொன்னார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "படிக்கிறது குத்தமில்ல. இது பத்தாது" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பைசாவுக்கு வந்தோம். புல்வெளியில் கோபுரம் உண்மையாகவே சாய்ந்து நின்றது. பெரியப்பா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நான் வந்தப்போ இவ்ளோ சாயல" என்றார். அந்தக் கோபுரத்தைப் பாடுபட்டுக் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். நல்ல வேளையாக அன்று எங்களில் யாருக்கும் அது தெரியாது.

கோபுரத்தை ஒட்டியே ஒரு பெரிய மாதா கோயில். அதன் வாசலில்தான் மாட்டினார்.

எங்கள் ஊர்த் தெங்கேரா மசூதியானாலும் சரி, அம்மன் கோயிலானாலும் சரி, வேனிலிருந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களை வாசலில் நிறுத்திச் சப்பாத்தைக் கழற்றவைத்தே அவருக்கு முப்பது வருடம் போயிருந்தது. கால் படியில் பட்டதும் கை தானாகக் கயிற்றுக்குப் போய்விட்டது. இரண்டு சப்பாத்தையும் கழற்றி ஒன்றாக வைத்து நிமிர்ந்து, "ம், கழட்டுங்க" என்றார். எங்களைத் தாண்டி ஒரு கூட்டமே பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"பெரியப்பா, யாருமே கழட்டலையே. நீங்க இங்க வந்ததே இல்லதானே?" என்று உரக்கக் கேட்டேன்.

பெரியப்பாவின் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததே இல்லை. பனிக்கல் போலிருந்த படியில், காலுறையோடு நின்றுகொண்டு, பெரியம்மாவைப் பார்த்தார். அப்பா கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தயாராகிவிட்டார்.

பெரியம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். "காலையில நான்தான் இவரிட்டச் சொன்னனான். ஆர் கழட்டினா என்ன, கழட்டாட்டி என்ன, கோயில் எண்டா கோயில்தான். எல்லாரும் கழட்டுங்கோ" என்றார். காலையிலிருந்து அவர்கள் பக்கத்திலேயே நான் இருந்தேன். பெரியம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியையாக இருந்தவர் இப்படிப் பொய் சொல்வாரா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஐந்து ஜோடி சப்பாத்தும் வரிசையாக நின்றன.

உள்ளே பெரியம்மா பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வேவுக்காரி, பின்னாலேயே போனேன். பளிங்குத் தரையின் குளிர் காலுறைக்குள் ஏறியது. நடுவில் நின்று இருவரும் பொன்னிறக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நான் இப்பதான் மொத தடவ பாக்குறேன்" என்றார் பெரியப்பா மெதுவாக.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"கலியாணத்துக்கு முந்தியே. என்ர அப்பா துறைமுக ஆபீசில விசாரிச்சவர்."

பெரியப்பா கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?"

"நீங்க சொல்லச் சொல்ல எனக்கு அங்க போகவேணும் போல இருந்தது" என்றார் பெரியம்மா.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரே நாளில் இரண்டு பொய்யர்களைப் பிடித்துவிட்டேன். தூண் ஓரமாக நின்ற அப்பாவிடம் ஓடிப்போய் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அப்பா கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தால் எங்கள் ஐந்து ஜோடிக்குப் பக்கத்தில், யாரோ எவரோ, மேலும் மூன்று ஜோடியைக் கழற்றிவிட்டுப் போயிருந்தார்கள். பெரியப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தியா தம்பி, விவரம் தெரிஞ்சவன் கழட்டியிருக்கான்" என்றார். "ஆமாண்ணே" என்றார் அப்பா. அண்ணன் சொன்னதற்கு அவர் மறுபேச்சில்லாமல் ஆமாம் போட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் குளிரிலும் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், இரண்டு உருண்டை. ஒன்று பெரியப்பாவைப் பிடித்ததற்கு, இன்னொன்று பெரியம்மாவைப் பிடித்ததற்கு என்று நினைத்துக்கொண்டு, பல் கூசக் கூசச் சாப்பிட்டு முடித்தேன்.

ஊருக்குத் திரும்பிய வாரம், பக்கத்தில் லூபோக் சீனா என்ற சிற்றூரில் ஒரு கல்யாண விருந்து. பந்தியில் பக்கத்தில் இருந்த மாமா பயணம் எப்படி என்று விசாரித்தார். "அண்ணன் ஏற்கெனவே போனவரு லா, அவருதான் எல்லாத்தையும் காட்டுனாரு" என்றார் அப்பா, இலையிலிருந்து தலையைத் தூக்காமல். நான் வாயைத் திறந்தேன். அப்பா தன் இலையிலிருந்த ஜிலேபியை எடுத்து என் இலையில் வைத்தார். எனக்கு ஜிலேபி பிடிக்கும் என்பதை அப்பா மறக்காமல் வைத்திருக்கிறாரே என்று மகிழ்ந்துபோய், வாய் நிறையச் சாப்பிட்டேன்.